46 பீஸ் பெட்டி வாங்கலாமா?

'எங்களுக்கு 60 சென்ட்டில் மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. கணவர் திருப்பூரில் வேலை பார்ப்பதால், பூப் பறித்து நிலக்கோட்டை மார்க்கெட்டுக்கு எக்ஸ்.எல் வண்டியில் கொண்டுபோவது நான்தான். போன மாதம் பாதி வழியில் செயின் கழன்றுவிட்டது. உதவிக்கு வந்த ஒருவர் ஸ்கிரூ ஸ்பேனர் வைத்துப் பின்சக்கர நட்டைத் திருகினார். நட்டு மழுங்கியதுதான் மிச்சம். மெக்கானிக் வந்து வண்டியைச் சரிசெய்வதற்குள் நான்கு மணி நேரம் போய்விட்டது. மொட்டாக 600 ரூபாய்க்குப் போக வேண்டிய பூ, விரிந்து 250 ரூபாய்க்குப் போனது. இனி சின்ன வேலைகளை நானே கற்றுக்கொள்ள நினைக்கிறேன். 46 பீஸ் கொண்ட ஸ்பேனர் பெட்டி ஒன்று 799 ரூபாய் என்று செல்போனில் விளம்பரம் வருகிறது. அதை வாங்கலாமா? ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள்.'

- ஒரு வாசகி, நிலக்கோட்டை

இந்தக் கேள்விக்கு, வத்தலக்குண்டு பகுதியில் இருசக்கர வாகனப் பட்டறை நடத்தும் மூத்த மெக்கானிக் ஒருவர் பதில் சொல்கிறார்.

கடிதத்தை வாசித்து முடித்ததும் அவர் முதலில் எடுத்து வந்தது, அதே 46 பீஸ் பெட்டியைத்தான். வாடிக்கையாளர் ஒருவர் வாங்கி, பயன்படவில்லை என்று பட்டறையிலேயே விட்டுப்போனதாம். ''பார்க்க நகைப்பெட்டி மாதிரி இருக்கும். மூடியைத் திறந்து எண்ணிப் பாருங்க. பாதிக்கு மேல திருப்புளி முனைதான். மீதி இருக்கிறது 4-ல இருந்து 14 வரைக்குமான குட்டி சாக்கெட்டு. அந்தத் தங்கச்சியோட பிரச்னை பின்சக்கர நட்டு. அது 14-க்குள்ள அடங்காதே!'' என்கிறார்.

அவர் சொல்வது உண்மை. இந்தப் பெட்டிகளில் வருபவை கால் அங்குல ராட்செட்டில் மாட்டும் சாக்கெட்டுகள். கைப்பிடியும் சிறியது. பக்கவாட்டு மூடி, பேட்டரி கம்பி, கண்ணாடி இவற்றைக் கழற்ற நன்றாகவே உதவும். விசைத்தெளிப்பானுக்கும் தையல் மெஷினுக்கும்கூட ஆகும். ஆனால், இருசக்கர வண்டிகளின் அச்சு நட்டுகள் பெரும்பாலும் 17, 19 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். சில வண்டிகளில் அதைவிடப் பெரிதாகவும் இருக்கும். அதற்கான சாக்கெட்டே பெட்டியில் இல்லை. இருந்தாலும் அந்தச் சின்ன ராட்செட்டின் பல் தாங்காது. வாசகிக்கு அன்று காலை நேர்ந்த சிக்கலில், இந்தப் பெட்டி கையில் இருந்திருந்தாலும் வண்டி நகர்ந்திருக்காது.

அப்படியானால் எதை வாங்குவது? பெட்டியில் எத்தனை சாமான் என்று எண்ணுவதற்கு முன்பு, சொந்த வண்டியில் எந்த எந்த நட்டு என்ன அளவு என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். வழக்கமான பட்டறையில் அடுத்த முறை சர்வீஸுக்கு விடும்போது, மகளையும் அழைத்துக்கொண்டு போய் பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு ஸ்பேனரிலும் அதன் அளவு எண் பொறிக்கப்பட்டிருக்கும். மெக்கானிக் எதைக் கழற்ற எந்த எண்ணை எடுக்கிறார் என்பதை மகள் எழுதிக்கொள்ளட்டும். பின் அச்சின் நட்டு, மறுபக்கம் அதன் தலை, செயின் அட்ஜஸ்டர், இன்ஜின் ஆயில் வடிக்கும் போல்ட், ஸ்பார்க் பிளக், பேட்டரி முனை, கண்ணாடிக் கம்பி... அவ்வளவுதான், ஒரு பக்கம்கூட நிறையாது. ''வேடிக்கை பார்க்கிறாங்களேனு எந்த மெக்கானிக்கும் கோவிச்சுக்க மாட்டான். 'அண்ணே, அது என்ன நம்பர்'னு கேட்டா சந்தோஷமா சொல்லுவான்'' என்று சிரிக்கிறார். இந்த ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனால், கடைக்காரர் எதையும் தலையில் கட்ட முடியாது.

இன்னொன்று, வண்டி வாங்கியபோது அதனுடன் ஒரு சிறு பையில் பிளக் ஸ்பேனரும் திருப்புளியும் கொடுத்திருப்பார்கள். பலரும் அதைப் பரணில் போட்டு மறந்துவிடுகிறார்கள். முதலில் அதைத் தேடி எடுங்கள். பிளக்கின் அறுகோணம் வண்டிக்கு வண்டி மாறும். 16 இருக்கும், 18 இருக்கும், பழைய 2 ஸ்ட்ரோக் வண்டிகளில் 21 இருக்கும். எக்ஸ்.எல் என்றாலே எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. பழைய எக்ஸ்.எல் சூப்பர் 2 ஸ்ட்ரோக், 2015-ல் வந்த எக்ஸ்.எல் 100 4 ஸ்ட்ரோக். ஊரில் இரண்டையும் 'டி.வி.எஸ் 50' என்றே சொல்வார்கள்; கடையில் அப்படிச் சொல்லிச் சாமான் வாங்கினால் மாறிப்போகும்.

இனி ஸ்பேனருக்கு வருவோம். கடைகளில் இரண்டு பக்கமும் வாய் திறந்திருக்கும் ஓப்பன் ஸ்பேனர் 8 கொண்ட செட்டாகக் கிடைக்கும். 6-7, 8-9, 10-11, 12-13, 14-15, 16-17, 18-19, 20-22 என்று மொத்தம் 16 அளவுகள். இருசக்கர வண்டிக்குத் தேவையான எல்லாமே ஏறக்குறைய இதற்குள் வந்துவிடும். 21 மட்டும் இதில் இருக்காது. அதுதான் பழைய வண்டி பிளக்கின் அளவு என்பதால், பிளக் ஸ்பேனரைத் தனியாக வாங்கித்தான் ஆக வேண்டும்.

இதே அளவுகளில் ரிங் ஸ்பேனர் செட்டும் உண்டு. இரண்டில் எதை வாங்குவது என்று கேட்டால், பணம் ஒரு செட்டுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் ரிங் ஸ்பேனர் என்கிறார் மெக்கானிக். காரணம் எளிது. நட்டுக்கு ஆறு பக்கம், ஆறு மூலை. ஓப்பன் ஸ்பேனர் எதிரெதிரான இரண்டு பக்கங்களை மட்டும் பிடிக்கிறது. ரிங் ஸ்பேனர் நட்டைச் சுற்றிவளைத்து ஆறு மூலைகளையும் பிடிக்கிறது. துருப்பிடித்து இறுகிய நட்டில் ஓப்பன் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் வாய் லேசாக விரியும். விரிந்த வாய் மூலையைச் சீவிக்கொண்டு வழுக்கும். அப்போது நட்டும் போகும், அழுத்திய கையும் போய் ஃபுட்ரெஸ்ட்டில் இடிக்கும். எனவே, இறுகிய நட்டை ரிங் ஸ்பேனரால் ஒரு சுற்று இளக்கிவிட்டு, மீதியை ஓப்பன் ஸ்பேனரால் வேகமாகக் கழற்றுவதுதான் பட்டறைப் பழக்கம்.

இரண்டு செட்டும் வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. ஒரு பக்கம் போல்ட் தலை, மறுபக்கம் நட்டு என்று இருக்கும் இடங்களில், ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றைத் திருக வேண்டும். பல இடங்களில் இரண்டும் ஒரே அளவாக இருக்கும். ஓப்பன் செட் மட்டும் வைத்திருந்தால் 14 ஒன்றுதான் இருக்கும். ரிங் செட்டும் இருந்தால் 14 இரண்டு கிடைக்கும். புதிதாக வேலை கற்பவர்கள் வண்டியைப் பிரிக்க உட்கார்ந்த பிறகுதான் இதை உணர்கிறார்கள்.

வாசகியின் நட்டை மழுங்க வைத்தது ஸ்கிரூ ஸ்பேனர். அதன்மேல் பழி போடவும் முடியாது. வாயின் அளவை நாமே கூட்டிக் குறைப்பதால், எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும். அவசரத்துக்கு அதைப் பயன்படுத்தும்போது, வாயை நட்டோடு ஒட்ட இறுக்கி, நகராத தாடையின்மேல் பளு விழும்படி இழுக்க வேண்டும். திருப்பிப் பிடித்தால் நகரும் தாடை நெளிந்து வழுக்கும். உதவிக்கு வந்த மனிதர் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். பாவம், பூவும் போய், பெயரும் கெட்டுவிட்டது.

இவை தவிர 8 அங்குலக் கட்டிங் பிளேயர் ஒன்று, தட்டை முனையில் ஒரு திருப்புளி, பிளஸ் முனையில் 2-ம் நம்பர் திருப்புளி ஒன்று, சிறு சுத்தியல், கம்பி பிரஷ், 4, 5, 6 அளவு ஆலன் கீ. பிளஸ் திருப்புளியில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. முனை தேய்ந்த திருப்புளி, ஸ்குரூவின் வாயைக் குழியாக்கிவிடும். அப்புறம் அதை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். டியூப் உள்ள டயர் என்றால் இரண்டு டயர் லீவர், பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு வாங்கி வைக்கலாம். பஞ்சர் கடை பக்கத்திலேயே இருந்தால் இது அவசரமில்லை.

தரத்தைப் பார்ப்பது எப்படி? ஸ்பேனரில் 'குரோம் வனடியம்' என்று எழுதியிருந்தால் நல்லதுதான். ஆனால், எழுத்தைப் போலியிலும் பொறிக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. கடையிலேயே புதிய 10, 14, 17 போல்ட்களைக் கேட்டு வாங்கி, ஸ்பேனரை மாட்டிப் பாருங்கள். இறுக்கமாக உட்கார்ந்து, ஆட்டினால் ஆடாமல் இருக்க வேண்டும். வாயின் இரண்டு தாடைகளும் இணையாக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். நாசிக்கில் தயாராகும் தபாரியா போன்ற பெயர் தெரிந்த தயாரிப்புகள் சிறு ஊர்க் கடைகளிலும் கிடைக்கின்றன. பில் கேட்டு வாங்குங்கள். மொத்தமாக வாங்கப் பணம் இல்லையென்றால், நோட்டில் எழுதிய அளவுகளை மட்டும் தனித்தனியாக வாங்கலாம். கடைகளில் சில்லறையாகவும் கொடுப்பார்கள். முதல் மாதம் நான்கு ரிங் ஸ்பேனர், அடுத்த பூப் பணத்தில் மற்றவை என்று சேர்ப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

அரை அங்குல ராட்செட்டும் சாக்கெட்டும் நல்ல பொருள்தான், ஆனால் இப்போதைக்கு வேண்டாம். எவ்வளவு முறுக்க வேண்டும் என்று அளவு காட்டும் டார்க் ரெஞ்சும் அப்படியே. அது இல்லாதவரை ஓர் எச்சரிக்கை தேவை. ஆயில் வடிக்கும் போல்ட்டும் பிளக்கும் அலுமினியத்தில் ஏறுபவை. இரும்பில் முறுக்குவதுபோல முறுக்கினால் உள்மரை உருவிவிடும். அதைச் சரிசெய்யும் செலவில் இரண்டு ஸ்பேனர் செட் வாங்கிவிடலாம். பிளக்கை எப்போதும் முதலில் கையாலேயே கடைசிவரை ஏற்ற வேண்டும். பாதியில் இறுகினால் மரை மாறி ஏறுகிறது என்று அர்த்தம். கழற்றி மீண்டும் ஏற்ற வேண்டும். கையால் முழுக்க உட்கார்ந்த பிறகு, புதிய பிளக் என்றால் ஸ்பேனரால் அரைச் சுற்று. ஏற்கெனவே ஓடிய பிளக் என்றால் லேசாக ஓர் இறுக்கு போதும். இன்ஜின் சூடாக இருக்கும்போது பிளக்கில் கை வைக்கக் கூடாது.

வாசகிக்கு முதலில் தேவைப்படுவது செயின் வேலை என்பதால், அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறார் மெக்கானிக்.

கெட்டியான தரையில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட வேண்டும். இதை அவர் மூன்று முறை சொன்னார். ''இன்ஜினை ஓடவிட்டுச் செயின்ல துணியை வெச்சுத் துடைச்சா சீக்கிரம் சுத்தமாகும்னு செய்வாங்க. துணி மாட்டும், துணியோட விரலும் போகும். எங்கிட்ட வேலை கத்துக்க வந்த பையன் ஒருத்தன், மோதிர விரல்ல பாதி இல்லாமத்தான் இன்னைக்கு வேற தொழில் பார்க்கிறான். சேலை, துப்பட்டானா இன்னும் கவனம்.'' சக்கரத்தைக் கையால் மட்டுமே சுற்ற வேண்டும்.

செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, எந்த இடத்தில் மிகவும் இறுக்கமாக இருக்கிறதோ அங்கே நிறுத்தி, கீழ்ச்செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்க்க வேண்டும். எவ்வளவு தொய்வு இருக்கலாம் என்பது வண்டியுடன் வந்த கையேட்டில் இருக்கும். பல வண்டிகளில் அது 20 முதல் 30 மில்லிமீட்டருக்குள் இருக்கும். கூடுதலாகத் தொய்ந்திருந்தால், அச்சு நட்டை ஒரு சுற்று மட்டும் இளக்கி, இரண்டு பக்க அட்ஜஸ்டர்களையும் சமமாகத் திருக வேண்டும். இரண்டு பக்கமும் கோடுகள் இருக்கும். இடப்பக்கம் எத்தனையாவது கோடோ வலப்பக்கமும் அதே கோடு. மாறினால் சக்கரம் கோணலாக நின்று, செயின் மறுபடி கழலும். தொய்வே கூடாது என்று கம்பிபோல இழுத்துக் கட்டுவதும் தவறு. பூ மூட்டையோடு ஆள் ஏறி உட்காரும்போது செயின் இன்னும் இறுகும்; அப்போது பேரிங் கெட்டுப்போகும்.

அச்சு நட்டை இறுக்கிய பிறகு தொய்வை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். அதோடு பலரும் மறந்துபோகும் ஒரு வேலை இருக்கிறது. சக்கரம் பின்னால் நகர்ந்திருப்பதால் பின் பிரேக்கும் தானாகவே இறுகியிருக்கும். பெடலை மிதிக்காமலே பிரேக் உரசினால், ஓடஓட டிரம் சூடாகும், பெட்ரோலும் வீணாகும். சக்கரத்தைக் கையால் சுற்றி, தடையில்லாமல் சுற்றும்வரை பிரேக் அட்ஜஸ்டர் நட்டை இளக்கி, பிறகு மிதித்துப் பார்த்து பிரேக் பிடிக்கிறதா என்று உறுதிசெய்த பிறகே வண்டியைச் சாலையில் இறக்க வேண்டும். அச்சு நட்டில் ஸ்பிலிட் பின் இருந்தால், பழையதை வளைத்து வளைத்துப் போடாமல் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். செயினுக்கு எண்ணெய் விடும்போது ஒரு துளிகூட டயரிலோ பிரேக் டிரம்முக்குள்ளோ போகக் கூடாது.

செயின் லாக் உள்ள வண்டி என்றால், அதன் கிளிப்பின் மூடிய முனை, செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஏதாவது பட்டு கிளிப் தெறித்துவிடும். சில்லறைக் காசில் கிடைக்கும் இந்த லாக் ஒன்றை வண்டியிலேயே வைத்திருப்பது நல்லது.

பிளக்கைச் சுத்தம் செய்வது, செயின், டிரம் பிரேக் அட்ஜஸ்ட், கேபிளுக்கு எண்ணெய், பேட்டரி முனை, ஃபியூஸ், பிறகு ஆயில் மாற்றுவது. ஓர் ஆண்டுக்கு இவை போதும். வடித்த ஆயிலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றிவிடாமல், கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். அவர்கள் கழிவு எண்ணெய் எடுக்க வருபவர்களிடம் சேர்த்துவிடுவார்கள். இன்ஜின் தலை, டிஸ்க் பிரேக்கின் எண்ணெய்க் குழாய், ஹேண்டில்பார் பேரிங் இவற்றில் கை வைக்க வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ் 6 வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டருக்குப் பதிலாக ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் இருக்கிறது. அதன் வயரைப் பிடுங்கிப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம். வாரன்டி முடியாத வண்டி என்றால், எதைத் தொட்டால் வாரன்டி போகும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிராக்டர் வைத்திருப்பவர்களும் இதே செட்டை வாங்கலாமா என்று கேட்கக்கூடும். பழைய டிராக்டர்கள் பலவற்றில் அங்குல அளவு நட்டுகள் இருக்கின்றன. முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர், 19 ஸ்பேனர் சரியாகவே உட்காரும். ஆனால், அரை அங்குலம் 12.7, அதில் 13 போட்டால் ஆடும், 12 ஏறாது. 'கொஞ்சம் ஆட்டம்தானே' என்று 13-ஐப் போட்டு அழுத்திய நட்டுகள் எல்லாம் இன்று மழுங்கிக் கிடக்கின்றன. அவர்கள் தங்கள் டிராக்டரின் நட்டு மில்லிமீட்டரா அங்குலமா என்று பார்த்துவிட்டே வாங்க வேண்டும்.

எல்லாச் சாமான்களையும் வண்டியில் தூக்கிக்கொண்டு திரியத் தேவையில்லை. அச்சு நட்டுக்கும் மறுபக்கத் தலைக்கும் உரிய ஸ்பேனர்கள், செயின் அட்ஜஸ்டருக்கு ஒன்று, பிளக் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், செயின் லாக், ஸ்பிலிட் பின், பழைய துணி ஒன்று. இவற்றைத் துணிப்பையில் சுருட்டி, வண்டியிலேயே கட்டிவிடுங்கள். அதிகாலையில் பூ கொண்டுபோகிறவர் என்பதால் ஒரு சின்ன டார்ச்சும் இருக்கட்டும். மீதி வீட்டில், மழைச் சாரலும் உரமூட்டையும் படாத இடத்தில் இருக்கட்டும். உரம் பக்கத்தில் இருந்தால் இரும்புக்குத் துரு சீக்கிரம் ஏறும்.

கடைசியாக, மழுங்கிய அந்த நட்டு. வாசகியின் கடிதத்தில் அதை மாற்றியதாகச் சொல்லவில்லை. மெக்கானிக் அன்றைய அவசரத்துக்கு அதையே திரும்ப இறுக்கி அனுப்பியிருந்தால், ஸ்பேனர் வாங்கும் முன்பாக, இந்த வாரமே பட்டறைக்குப் போய் நட்டை மாற்றச் சொல்லுங்கள். வீட்டில் சுத்தியலும் உளியும் வைத்து முயல வேண்டாம்; அச்சின் மரை கெட்டால் அச்சையே மாற்ற வேண்டிவரும். பட்டறையில் ஆறு மூலை சாக்கெட்டைத் தட்டி ஏற்றிக் கழற்றிவிடுவார்கள். அதே வண்டிக்கான கம்பெனி நட்டாகப் பார்த்து இரண்டு வாங்கி, ஒன்றைப் போட்டுவிட்டு மற்றொன்றைத் துணிப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். மகள் நோட்டில் எழுத வேண்டிய முதல் எண்ணும் அதுதான்.